களியக்காவிளைக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள், டீச்சர்

கேள்வி: எனக்கு வயது 46. வீடு குழித்துறைப் பக்கம். கேரள எல்லை தாண்டி பாறசாலை அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை 7 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ) இரண்டு பிஸ்கட்டும்தான் காலைச் சாப்பாடு. மதியம் கொஞ்சம் சோறும் புளிசேரியும் (மோர்க்குழம்பு). அதிலும் பாதி திரும்பி வரும். மாலை களியக்காவிளையில் பஸ் மாறும்போது 100 கிராம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வாங்குவேன், வீட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். வந்ததும் சாயா, கூடவே பழம்பொரியோ உள்ளிவடையோ. எடை கூடுகிறது என்பதால் இரவு 8.30க்கு இரண்டு சப்பாத்தி மட்டும். 9.30க்கு மேல் விடைத்தாள் திருத்திக்கொண்டே மிக்சர், மாமியார் சுட்டு வைத்த அச்சுமுறுக்கு. கணவர் சவூதியில் இருக்கிறார், அவர் கூப்பிட 11 மணி ஆகும். பேசி முடித்து 12 மணிக்குப் படுப்பதற்குள் ஃபிரிட்ஜை இரண்டு தடவையாவது திறந்துவிடுவேன். மகள் கோவையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். இப்போது எடை 64 கிலோ. போன மாதம் எடுத்த ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. 'இன்றைக்கு மாலை எதையும் தொடமாட்டேன்' என்று தினமும் காலையில் உறுதி எடுக்கிறேன். ஐந்து மணிக்கு அது உடைந்துவிடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா மேடம்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியோடு நீங்கள் எத்தனை இரவு படுத்திருப்பீர்களோ, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 7 மணி பஸ் என்றால் ஐந்து மணிக்கு முன்னாலேயே எழுந்திருப்பீர்கள். சமையலை முடித்து, இரண்டு பஸ் ஏறி, ஒரு சாயாவையும் இரண்டு பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறீர்கள். உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்கக் கட்டுப்பாட்டோடுதான் இருக்கிறீர்கள். உடம்பு அதற்கான கணக்கை மாலையில் தீர்த்துக்கொள்கிறது.

22 வருடமாக இந்தப் பகுதியில் உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிற எல்லோருக்கும் 'மாலை 6 மணிக்கு மேல் நொறுக்குத்தீனி கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அடுத்த மாதம் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். சிலர் வெட்கப்பட்டு வராமலே போய்விட்டார்கள். அப்படி நின்றுபோன ஓர் அம்மாவை இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். சர்க்கரை முற்றி, காலில் ஆறாத புண். "உங்க முகத்துல முழிக்க முடியலம்மா, அதான் வரல" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சீட்டை எழுதுவதை நிறுத்தினேன். இரவில் தின்கிற பழக்கத்தை இரவில் போய் நிறுத்த முடியாது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

மாலையில் பசி கூடுவது உடம்பின் இயல்பும்கூட. 2013ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரைப் பகலா இரவா என்று தெரியாத மங்கலான வெளிச்சத்தில் பல நாள் தங்கவைத்து, அவர்களுடைய பசி எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கிற கடிகாரப்படி பசி மிகக் குறைவாக இருந்தது காலை 8 மணி வாக்கில். மிக அதிகமாக இருந்தது இரவு 8 மணி வாக்கில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டம் மீதான ஆசையும் அந்த நேரத்தில்தான் ஏறியது. உங்கள் உறுதியை நீங்கள் பசி மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கிறீர்கள். அது சோதனைக்கு வருவதோ பசி ஏறுகிற நேரத்தில். காலையில் எடுத்த முடிவு மாலையில் அந்நியமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இது.

சரி, கணக்குக்கு வருவோம். நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 64 கிலோ என்றால் 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். பிஸ்கட்டில் ஒன்றோ இரண்டோ கிராம், பாதி திரும்பி வருகிற சோற்றிலும் புளிசேரியிலும் ஐந்தாறு கிராம். மாலை 4 மணி வரைக்கும் உங்கள் வயிற்றுக்குள் போனது பத்துக் கிராம்கூட இருக்காது. வயிற்றை நிறைத்து வைக்கிற புரதமும் நாரும் போகாத உடம்பு, நான்கு மணிக்கு மேல் பொரித்ததைக் கேட்காமல் வேறு என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை காலைச் சாப்பாடு. 'நேரமில்லை' என்பீர்கள். நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. புட்டும் சிறுபயறும். முந்தின இரவே சிறுபயறைக் கழுவி ஊறப்போட்டுவிட்டால் காலையில் குக்கரில் இரண்டு விசில் போதும். புட்டுப்பொடியை நனைத்து வைத்துவிட்டு நீங்கள் சேலை கட்டி வருவதற்குள் புட்டு வெந்துவிடும். அரைக் குற்றி (குழாய்) புட்டு, 50 கிராம் பயறு வெந்தால் கிடைக்கிற ஒரு நல்ல கிண்ணம். அந்தப் பயறில் மட்டும் ஏறக்குறைய 12 கிராம் புரதம் இருக்கிறது. பழமும் சர்க்கரையும் போட்டுப் பிசைகிற பழக்கம் இருந்தால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், பயறும் ஒரு பப்படமும் போதும். இட்லி நாளென்றால் கூடவே இரண்டு முட்டை வேகவையுங்கள். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காவிட்டால் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் முதல் மணி அடிப்பதற்கு முன் சாப்பிடலாம். காலையில் பசியே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். இரவு 12 மணி வரை சாப்பிட்டால் காலையில் எப்படிப் பசிக்கும்? முதல் ஒரு வாரம் பசி இல்லாவிட்டாலும் பாதி அளவாவது சாப்பிடுங்கள். இரவுத்தீனி குறையக் குறையக் காலைப் பசி திரும்பி வரும்.

மதியச் சாப்பாட்டில் பாதி திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ருசி பிடிக்காமல் திரும்பி வருகிறதா, நேரமில்லாமல் வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். இடைவேளையில் நோட்டுத் திருத்துவதும் வராந்தா டியூட்டி பார்ப்பதும்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சோற்றைக் குறைத்து, கடலைக்கறியையோ முட்டையையோ பயறுத் துவரனையோ (தேங்காய் போட்ட பொரியல்) கூட்டுங்கள். பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் அதில் முதலில் உள்ளே போக வேண்டியது இவைதான். அப்புறம்தான் சோறு.

இப்போது களியக்காவிளைக்கு வருகிறேன்.

அந்தப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நானும் பல தடவை நின்றிருக்கிறேன். கடைக்காரர் உருளியில் தேங்காயெண்ணெயைக் காயவைத்து, சீவுகிற பலகையை நேராக அதன் மேலேயே பிடித்து ஏத்தங்காயைத் தேய்ப்பார். மஞ்சள் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணெய்க்குள் விழும். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து எண்ணெயிலேயே ஊற்றுவார். சுர்ரென்று ஒரு சத்தம் எழும், ஆவியோடு வாசனை ரோடு வரைக்கும் வரும். அந்தச் சத்தம் அடங்கும்போது சிப்ஸ் தயார். காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத ஒருவர், நான்கரை மணிக்கு, அடுத்த பஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டிய பத்து நிமிடத்தில் அந்த இடத்தில் நிற்கிறார். வாங்காமல் போனால்தான் ஆச்சரியம்.

100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். நீங்கள் பாதி மிச்சம் வைக்கிற மதியச் சாப்பாட்டைவிட இது அதிகம், ஆனால் வயிறு நிறைவதில்லை. அதனால்தான் வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் பழம்பொரி இறங்குகிறது.

இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான். களியக்காவிளைக்கு வந்தபிறகு சிப்ஸ் வேண்டாம் என்று போராடாதீர்கள். அதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். 3.45க்குப் பள்ளி விட்டதும், பையை எடுக்கும் முன், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து. தோலோடு வேகவைத்த ஏத்தம்பழம் பாதி, கூடவே ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. இல்லாவிட்டால் கடலைச் சுண்டல். வெறும் பழம் மட்டும் வேண்டாம், கடலை கூட இருந்தால்தான் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். எப்படியும் சாப்பிடத்தான் போகிறீர்கள் டீச்சர். முக்கால் மணி நேரம் முன்னதாக, நீங்களே தேர்ந்தெடுத்ததைச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிந்தால் நிற்கிற இடத்தையும் மாற்றுங்கள். பழக்கம் நாக்கில் இருப்பதைவிட இடத்தில்தான் அதிகம் இருக்கிறது. 2011ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், சினிமா தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்கிற பழக்கம் ஊறியவர்கள், நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே, பழையதையும் புதியதற்குச் சமமாகத் தின்றார்கள். அதே மாதிரி ஆட்களை வேறு ஓர் அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது பழையதை அவ்வளவாகத் தொடவில்லை. தியேட்டரிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் அந்தப் பழக்கம் தடுமாறிவிட்டது. நீங்கள் கடைக்கு எதிர்ப்புறம் நின்றாலே பாதி வேலை முடிந்தது. நேராகக் குழித்துறை வழியாகப் போகிற பஸ் பாறசாலையிலேயே கிடைக்குமானால், கொஞ்சம் காத்திருந்தாவது அதில் ஏறுங்கள்.

சிப்ஸை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் இல்லாத ஓணமோ கல்யாணமோ இந்தப் பக்கம் உண்டா? சனிக்கிழமை வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி, மாமியாரோடு உட்கார்ந்து சாயாவுடன் சாப்பிடுங்கள். பஸ் ஜன்னலோரம் பொட்டலத்துக்குள் கைவிட்டுத் தின்னும்போது எத்தனை தின்றோம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தட்டில் இருந்தால் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் குடிக்கிற சாயா இருக்கட்டும், பொரித்தது மட்டும் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதைத் தேடவும் மாட்டீர்கள். சாயாவை 5.30க்குள் முடித்துவிடுங்கள். தேயிலையில் இருக்கிற கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். எட்டு மணிக்கு இன்னொன்று போட்டுக் குடித்தால் தூக்கம் தள்ளிப்போகும்.

அடுத்தது, இரண்டு சப்பாத்தி. இரவு சோறு சாப்பிட்டால் எடை போடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்தப் பகுதியில் என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேர் இப்படித்தான் சப்பாத்திக்கு மாறியிருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் சரியாக இல்லாத இரண்டு சப்பாத்தி, ஒன்றரை மணி நேரத்துக்குமேல் வயிற்றில் நிற்காது. பத்து மணிக்கு மிக்சர் டின் திறப்பதில் இந்தச் சப்பாத்திக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டில் இரவுக்கு என்ன உண்டோ அதையே சாப்பிடுங்கள். ஒரு கரண்டி மட்டை அரிசிச் சோறு, தேங்காய் அரைத்து வைத்த சாளை மீன் கறி நான்கைந்து துண்டு, தட்டில் பாதி முருங்கையிலைத் துவரனோ பயறங்காய்த் துவரனோ. கஞ்சி நாளென்றால் கஞ்சியைக் குறைத்து, பயறைக் கூட்டி, சம்மந்தி அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். மீன்காரர் கூவிக்கொண்டு வாசலுக்கே வருகிற ஊரில் இருந்துகொண்டு புரத மாவு டப்பா வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் தாத்தா பாட்டிகளைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். அதை விஷம்போலப் பேச வேண்டாம். சோற்றுக்குப் பதிலாக, அளவாக, மீன் கறியோடு, பகலில் சாப்பிடுங்கள். சோற்றுக்கு மேலே கூடுதலாகச் சாப்பிடுவதும், மாலையில் சிப்ஸாகப் பொரித்துத் தின்பதும்தான் சிக்கல்.

சாப்பாட்டு நேரத்தை 8.30லிருந்து 7.45க்கு முன்னால் கொண்டுவர முடியுமா பாருங்கள். ஒரே சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட இரவில் சாப்பிட்டால் கூடுதலாக ஏறும். இன்சுலின் வேலை செய்கிற திறன் இரவில் மந்தப்படுகிறது. 6.1ல் நிற்கிற உங்களுக்கு, 11 மணி அச்சுமுறுக்கு காலை அச்சுமுறுக்கைவிடக் கெடுதல்.

இனி 9.30க்கு மேல் உள்ள பகுதி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான்.

நீங்கள் விடைத்தாள் திருத்துகிற காட்சியைக் கண்முன் கொண்டுவந்து பார்க்கிறேன். வலது கையில் சிவப்புப் பேனா. இடது கை சும்மா இருக்கிறது. அருகில் டின். ஒரு பக்கம் திருத்தி முடிந்ததும் இடது கை தானாக உள்ளே போகிறது. அதுவும் ஒரே பண்டமாக இருக்காது என்று நினைக்கிறேன். மிக்சரின் காரம் திகட்டியதும் அச்சுமுறுக்கின் இனிப்பு, இனிப்பு திகட்டியதும் மறுபடி காரம். ஒரே ருசி சீக்கிரம் சலித்துவிடும். ருசி மாறினால் வயிறு நிறைந்தபிறகும் இடம் இருப்பதுபோலத் தோன்றும். விருந்தில் பால்பாயசம் குடித்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்ப முடிவது இதனால்தான். மேசையில் ஒரு டின் மட்டும் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும், இரண்டு டின் இருந்தால் நிற்காது. விடைத்தாளைத் திருத்தும் மேசைக்குத் தின்பண்டமே வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கைக்கு வேலை வேண்டுமென்றால் சூடான சீரகத் தண்ணீர் ஒரு பெரிய டம்ளர் போதும்.

அப்புறம் அந்த 11 மணி அழைப்பு. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு 11 என்றால் அவருக்கு 8.30. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அதற்கப்புறம் உங்களைக் கூப்பிடுகிறார். இங்கே நீங்கள் 8.30க்குச் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். மாமியார் படுத்துவிட்டார். மகள் ஹாஸ்டலில். வீடு அமைதியாக இருக்கிறது. 9.30லிருந்து 11 வரை நீங்கள் செய்வது காத்திருப்பதுதான் டீச்சர். குமரி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அவர்களில் பலர் என்னிடம் வருகிறார்கள். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறப்பதைப் பசி என்று எழுதிக்கொள்வதால்தான் அதற்கு மருந்து கிடைக்காமல் போகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் கை வைக்கும்போது, 'இப்போது ஆறிப்போன கஞ்சியும் பயறும் கொடுத்தால் சாப்பிடுவேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. தயங்காமல் அரைக் கிண்ணம் பயறையோ ஒரு டம்ளர் மோரையோ உட்கார்ந்து சாப்பிடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். முறுக்கென்றால் மட்டும்தான் வேண்டும் என்று தோன்றினால், அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது வேறு. அதைக் கணவரிடம் சொல்லுங்கள். 'மணி ஆகிறது, தூங்க வேண்டும்' என்று மட்டும் சொல்லாமல், காத்திருக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் 6.1 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வேலை முடிந்து வந்தவுடன், சாப்பிடும் முன், அங்கே 6.45க்குக் கூப்பிட முடிந்தால் இங்கே 9.15. பத்து நிமிடம் பேசினாலும் போதும், காத்திருப்பு முடிந்துவிடும். நீண்ட பேச்சுக்கு அவருடைய வெள்ளிக்கிழமை விடுமுறை இருக்கிறதே. நேரத்தை மாற்றவே முடியாத வேலை என்றால், 9.30க்கு ஒரு தூரத்துத் தோழியைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மகளைக் கூப்பிடுங்கள். ஹாஸ்டலில் அவளும் அந்த நேரத்தில் பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

தூக்கத்துக்காகவும் இது முக்கியம். 12க்குப் படுத்து ஐந்துக்குள் எழுந்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. 2004ல் சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பும் உப்புமான பண்டங்கள்மீது ஆசை ஏறியது. இரண்டு இரவுக்கே இப்படி என்றால், வருடக்கணக்கில் குறைவாகத் தூங்குகிற உங்கள் உடம்பை நினைத்துப் பாருங்கள். 10.30க்குப் படுக்க முடிந்தாலே ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிற நேரம் இல்லாமல் போய்விடும். சாப்பாடு முடிந்து அடுக்களையை ஒதுக்கியதும் பல் தேய்த்துவிடுங்கள், அதுவும் உதவும்.

மாமியாரின் அச்சுமுறுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் போய் 'இனிமேல் சுடாதீர்கள்' என்று சொல்லாதீர்கள். பேத்தி வரும்போது கொடுத்துவிடத்தான் அவர் சுடுகிறார், முந்திரிக்கொத்தும் அப்படித்தான். அந்த டின்களை அவர் அறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'சனிக்கிழமை சாயா நேரத்துக்கு எனக்கு ஒன்று எடுத்துத் தாருங்கள்' என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார். இரவு 11 மணிக்கு அவர் அறைக்குள் போய் டின்னைத் திறக்க உங்களுக்கு மனம் வராது.

உடல்நலம் பற்றிச் சில விஷயங்கள். எச்பிஏ1சி 5.7லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். நீங்கள் திரும்பி வரக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 46 வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்றால் ஹீமோகுளோபினையும் வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தூங்கியபிறகு நடு இரவில் விழித்து, ஏதாவது சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வரும் என்ற நிலை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தாலோ, கூடவே மனசு எப்போதும் சோர்ந்திருந்தாலோ, அது வேறு. 1955லேயே மருத்துவர்கள் அதை ஒரு தனிப் பிரச்சினையாக விவரித்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், டீச்சருக்குச் சொன்னதை வைத்து மாலைச் சிற்றுண்டியையோ படுக்கும் முன் சாப்பிடுவதையோ தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரும், இரவில் அது ஆபத்து. மருந்தின் அளவை மருத்துவர் பார்த்தபிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டாம் டீச்சர். முதல் இரண்டு வாரம் காலைப் பயறும் 3.45 சுண்டலும் மட்டும். அந்த இரண்டு வாரம் இரவில் மிக்சர் தின்றாலும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வாரம் இரவுச் சாப்பாட்டை மாற்றுங்கள், கணவரிடம் பேசுங்கள். லண்டனில் 2010ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது எதையும் கெடுத்துவிடவில்லை. பரீட்சை வரும், கோயில் கொடை வரும், மகள் லீவுக்கு வருவாள். அன்றைக்குச் சிப்ஸ் வாங்கினால் வாங்கியதுதான், மறுநாள் காலையில் பயறை ஊறவைத்திருந்தால் போதும்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற எண். அதனால் அதற்குள் மறுபடி எடுக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து எடுத்து எனக்கு எழுதுங்கள். எண்ணோடு சேர்த்து, மதிய டப்பாவில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும், இப்போது அவர் எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறார் என்பதையும் எழுதுங்கள்.